மூன்றாவது இறக்கை

ஜூலை 15, திங்கள்

இந்த டைரி, நூல் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஆறு மாதமாக அலமாரியில் காலியாகக் கிடந்தது. இப்போது மாலை வேளைகளில் எழுத நேரம் கிடைத்திருக்கிறது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை உள்ள பக்கங்கள் வீணாய்ப் போனதில் எனக்கு வருத்தம்தான்.

என் மனைவி கோகிலவாணி குளித்தலையில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். அத்தைக்கு முழங்கால் வலி. போன வாரம் திடீரென்று வந்த வலி. அதற்கும் எங்கள் சமையலறைச் சுவருக்கும் சம்பந்தம் இல்லை.

சுவரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், பிற்பாடு மறந்துபோகும். கோகிலவாணி தானே பெயிண்ட் வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, சமையலறைக்கு மஞ்சள் அடித்தாள். நான் கரூரில் ஒரு படுக்கைவிரிப்பு ஏற்றுமதிக் கம்பெனியில் தரச் சோதனை பார்ப்பவன். துணியில் எங்கே நூல் அறுந்திருக்கிறதோ, எங்கே கறை இருக்கிறதோ, அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. சுவரில் பிரஷ் தடம் தெரிந்த இடங்களில் அதே அம்புக்குறியை ஒட்டி வைத்தேன். எல்லா இடத்திலும் இல்லை, முக்கியமான இடங்களில் மட்டும். அவள் திருத்திக்கொள்ள வசதியாக இருக்குமே என்றுதான். மறுநாள் காலை அத்தைக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

இரவுச் சாப்பாடு தயிர்சாதம். உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. எதிர்வீட்டுச் செல்லமுத்து அண்ணன் வாசலில் பிடித்துக்கொண்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே ஏறினாய், எங்கே இறங்குவாய் என்று கேட்காமல் யாரையும் விடமாட்டார்.

"ஏந்தம்பி, அம்மிணிய ஆளக் காணோம்?"

"ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்குதுங்கண்ணா."

"ஆடிக்குப் புதுப்பொண்ணத்தான கூட்டிட்டுப் போவாங்க. உங்களுக்குக் கல்யாணமாயி பத்து வருசத்துக்கு மேல இருக்குமே?"

"பதினொண்ணுங்க."

"அப்புறம்?"

"அவங்க வீட்டு வழக்கமுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நல்ல வழக்கம் என்றார். ஆடி முடிந்த பிறகு அவரிடம் என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜூலை 18, வியாழன்

கொரியரில் ஒரு நீளமான பெட்டி வந்தது. கோகிலவாணி பெயர். அவள் ஊருக்குப் போவதற்கு முன்பே பணம் கட்டி வாங்கியது போலிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. டீ குடிக்கும்வரை பெட்டியை மேசைமேல் வைத்திருந்தேன். பிறகு, வழியில் எதுவும் உடைந்திருந்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டுமே என்று பிரித்தேன்.

உள்ளே ஒரு பென்சில். என் கை நீளத்துக்கு மஞ்சள் பென்சில். கூராகச் சீவிய முனை, பின்பக்கம் இளஞ்சிவப்பு ரப்பர். பென்சில் மாதிரி இருந்தாலும் அது ராக்கெட் என்று பெட்டியில் போட்டிருந்தது. அட்டைக் குழாய் ஒன்று, பிளாஸ்டிக் மூக்கு ஒன்று, லேசான மரப்பலகையில் மூன்று இறக்கைகள், ஆரஞ்சு நிறப் பாராசூட், விரல் பருமனில் மருந்து அடைத்த இரண்டு குழாய்கள், நட்டு நிறுத்த ஒரு கம்பி, ஒயர் வைத்த பட்டன் பெட்டி. பட்டனை அழுத்தினால் மருந்து பற்றிக்கொண்டு ராக்கெட் மேலே போகும். உச்சிக்குப் போனதும் உள்ளே சின்னதாய் ஒரு வெடி வெடித்து மூக்கைத் தள்ளும், பாராசூட் வெளியே வந்து விரியும், பென்சில் ஆடி அசைந்து இறங்கும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டே பேர்.

முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

ஜூலை 20, சனி

ஒட்டிவிட்டேன். அவளுக்கு வேலை மிச்சம்.

அவர்கள் கொடுத்த பலகையிலேயே இறக்கை ஓரம் பிசிறாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூலைமட்டம் வைத்து ஒவ்வொரு இறக்கையாக ஒட்டி, காயும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. வேறு யாராவது சொல்லட்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

கோகிலவாணி போன் செய்தாள். கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணியாயிற்றா, மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறதா என்று கேட்டாள். அத்தையின் முழங்காலைப் பற்றி நான் விசாரித்தேன். அப்படியேதான் இருக்கிறது என்றாள்.

கடைசியில், "ஏனுங்க, எனக்கு ஏதாச்சும் கொரியர் வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

ராக்கெட் என் எதிரே மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் பூச்சு வார்னிஷ் இன்னும் காயவில்லை.

"இன்னும் வரல" என்றேன்.

முழுசாக முடித்த பொருளாகக் கொடுத்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதுதான் காரணம்.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. மிக்ஸி வாங்கினாலும் வண்டி வாங்கினாலும் பொட்டு வைக்காமல் நாங்கள் தொடுவதில்லை. ராக்கெட்டுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். பொட்டு வைக்கத் தோதான இடம் கழுத்துதான், அதாவது மூக்கும் உடம்பும் சேரும் இடம். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் எடை சாயும் என்று சுற்றிலும் மோதிரம் மாதிரி பூசி, சம தூரத்தில் குங்குமம் வைத்தேன். பெட்டிமேல் படத்தில் இருந்ததைவிட என்னுடையது லட்சணமாக இருந்தது.

சூடம் காட்டினேன். மருந்துக் குழாய்களைத் தள்ளியே வைத்திருந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

குறை ஏதும் இருந்தால் அவள் வருவதற்குள் தெரிந்துவிடட்டும் என்று, காலையில் அமராவதி ஆற்று மணலுக்குச் சோதனைக்குக் கொண்டுபோனேன். செல்லமுத்து அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். எங்கே, என்ன என்று கேட்டார். சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

கம்பியை நட்டு, பென்சிலைச் செருகி, ஒயரை இழுத்துக்கொண்டு வந்து பட்டனை அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். நான் தலையைத் தூக்குவதற்குள் அது போய்விட்டது. இரண்டு தென்னை மரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவோ, அதற்கும் மேலே, ஒரு கோணல் இல்லாமல், நேராக. நான் ஒட்டிய இறக்கைகள். என்னை அறியாமல் செல்லமுத்து அண்ணன் கையைப் பிடித்திருந்தேன்.

உச்சியில் டப் என்று வெடித்தது. மூக்கு கழலவில்லை. காலி மருந்துக் குழாய்தான் பின்பக்கமாகத் தெறித்து விழுந்தது. பென்சில் தலைகீழாகத் திரும்பி, போன வேகத்திலேயே வந்து மணலில் குத்தியது. மூக்கு உள்ளே, ரப்பர் மேலே. குழாய் மூன்றாக மடிந்திருந்தது.

"இது எறங்கற விதமே இப்படித்தானுங்களா தம்பி?" என்று கேட்டார்.

வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்தேன். சந்தன ஈரத்தில் அட்டை உப்பி, மூக்கை இறுகப் பிடித்திருக்கிறது. மேலே சந்தனமும் காய்ந்து கெட்டிப்பட்டுவிட்டது. கழுத்தில் சந்தனம் பூசக்கூடாது என்று அவர்கள் கொடுத்த விளக்கத்தில் எங்கேயும் இல்லை.

மாலை

கோகிலவாணி போன்.

"கொரியரு பதினெட்டாந் தேதியே குடுத்தாச்சுன்னு காட்டுதுங்க."

"ஆமா. வந்துச்சு."

"பிரிச்சீங்களா?"

"பிரிச்சேன்."

"ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டிட்டேன்."

பின்னால் அத்தை வீட்டுக் கோழிச் சத்தம் கேட்டது.

"விட்டுப் பாத்தீங்களா?"

"இன்னிக்குக் காலைல."

"மேல போச்சுங்களா?"

"போச்சு. ரெண்டு தென்னமர ஒசரம் இருக்கும்."

"நேராப் போச்சுங்களா?"

"நேராத்தான்."

"அதைப் பாக்கணும்னுதான் நான் வாங்குனேன்" என்றாள். ஒவ்வொரு பேச்சிலும் 'ங்க' போடுகிறவள் இதில் போடவில்லை. உடைந்துபோனதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவளுக்காகத்தான் செய்தேன். இதை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். எழுத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

சாயங்காலம் சமையலறைச் சுவரிலிருந்து அம்புக்குறிகளை எடுத்தேன். சிலவற்றோடு பெயிண்டும் உரிந்து வந்துவிட்டது. இப்போதுதான் சுவரில் உண்மையான குறைகள் இருக்கின்றன. அவள் அடித்தபோது இருந்தவை தடங்கள் மட்டும்தான்.

அதே பென்சில் இன்னொன்றுக்கு ஆர்டர் போட்டேன். குளித்தலை விலாசம். இங்கே வந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும்.

ஜூலை 30, செவ்வாய்

போன் வரவில்லை. ரசம் வைத்தேன். தரச் சோதனையில் தேறாது.

ஆகஸ்ட் 1, வியாழன்

அவள் போன் செய்தாள்.

"ஒரு பொட்டி வந்திருக்குது. நீங்களா?"

"ஆமா."

"பிரிச்சுப் பாக்காமயா அனுப்புனீங்க?"

"கடையிலிருந்து நேரா வந்தது. நான் தொடல."

"நாளான்னிக்கு ஆடிப் பதினெட்டு. ஆத்தங்கரையில விடப்போறேன். வர்றதுன்னா நாளைக்கே வாங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. ஒட்டறதும் நாந்தான், விடறதும் நாந்தான். அது கோணை, இது நொட்டைன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா, நான் இங்கயே இருந்துக்கறேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

சரி என்றேன். நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினொரு வருடத்தில் ஆடிக்கு நான் மாமியார் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை போகக்கூடாத மாதம் இது என்று செல்லமுத்து அண்ணன் சொன்னார். அவர்கள் வீட்டு வழக்கம் வேறு என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

குளித்தலை. கதவைத் தட்டுவதற்குள் தெருக்கோடியிலிருந்து அத்தை வந்தார். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். இரண்டிலும் தண்ணீர். வாசற்படி நாலையும் விறுவிறுவென்று ஏறினார்.

"வாங்க மாப்பிள்ளை."

"முழங்கால் இப்ப எப்படிங்கத்தை இருக்குது?"

"என் முழங்காலுக்கு என்ன?" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாமா, நோவுதுங்க மாப்பிள்ளை, நோவுது" என்று குடத்தை இறக்கி வைத்தார்.

கோகிலவாணி உள்ளேயிருந்து வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. பஸ்ஸில் வந்த அலுப்பாகவும் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அலுப்பு இல்லை.

சாப்பிட்டபின் தரையில் பேப்பர் விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். விளக்கத்தாளை அவள் படிக்கவில்லை. படத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். பசையைத் தாராளமாக வைத்தாள். வைக்கட்டும். முதல் இறக்கை சரி. இரண்டாவது ஏறக்குறைய சரி. மூன்றாவதை ஒட்டும்போது அத்தை கொல்லையிலிருந்து ஏதோ கேட்டார். இவள் திரும்பிப் பதில் சொன்னாள், விரல் நகர்ந்தது, இறக்கை சாய்ந்தது. அப்படியே பிடித்துக்கொண்டாள்.

கண்ணுக்கே தெரிகிற சாய்வு. எனக்கானால் அறைக்கு வெளியே நின்றாலும் தெரியும். பசை காய இன்னும் நேரம் இருந்தது. ஒரு விரல் வைத்துத் தள்ளினால் போதும்.

என் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. பையில் அம்புக்குறி அட்டை இருந்தது. வேலைக்குப் போகிற சட்டை. கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

கொல்லைக்குப் போய்க் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு, தேவையில்லாமல் ஒரு சொம்பு முருங்கை மரத்துக்கும் ஊற்றினேன். வந்து பார்த்தபோது பசை காய்ந்திருந்தது. அவள் ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள் என்று தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் ஒட்டிய மூன்று இறக்கைகளும் நேராகத்தான் இருந்தன. ஒட்டி முடித்தபோது எனக்கு இந்தச் சந்தோஷம் வரவில்லை.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

காவிரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. படித்துறையில் ஊரே கூடியிருந்தது. முளைப்பாரி, மஞ்சள் கயிறு, காதோலைக் கருகமணி, சித்ரான்னத் தூக்குகள். நாங்கள் கூட்டத்தை விட்டு மேற்கே தள்ளி, வாழைத் தோட்டத்தை ஒட்டிய வெற்று மணலுக்குப் போனோம். நான், அவள், அத்தை. ஆடிக்காற்று வேட்டியை நிற்க விடவில்லை.

கோகிலவாணி கம்பியை நட்டாள். கொஞ்சம் சாய்வாக நட்டாள். பென்சிலைச் செருகினாள். ஒயரை மாட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் பட்டன் பெட்டியை எடுத்தபோது அத்தை, "இரு புள்ள, பொட்டு வெக்காம விடறதா?" என்று சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தார். நேராகக் கழுத்துக்குத்தான் கை போனது. யாருக்கும் அங்கேதான் போகும்.

ஒரு வார்த்தை வந்தால் இங்கேயே இருந்துகொள்வேன் என்று சொல்லியிருக்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். அத்தையின் விரலுக்கும் கழுத்துக்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இல்லை.

"அத்தை, அங்க வேண்டாங்க" என்றேன்.

கோகிலவாணி திரும்பினாள். முகம் மாறிவிட்டது. பட்டன் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க. என்ன குறை?"

"இதுல குறை இல்ல" என்றேன். "என்னோடதுல நான் அங்கதான் சந்தனம் பூசுனேன். சுத்திலும், மோதிரம் மாதிரி. அட்ட உப்பி மூக்கு கழலாம மாட்டிக்கிச்சு. பாராசூட் விரியல. தலகீழா வந்து மணல்ல குத்தி நொறுங்கிருச்சு. நேராப் போச்சுன்னு மட்டுந்தான் உன்கிட்ட சொன்னேன். விழுந்ததச் சொல்லல."

அத்தை கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றார். கோகிலவாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோதிரம் மாதிரியா?"

"குங்குமமும் வெச்சேன். சம தூரத்துல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். அத்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். "கம்பிக்கு வெய்யிம்மா" என்று அவள் சொல்ல, அத்தை கம்பிக்குப் பொட்டு வைத்தார்.

அவள்தான் அழுத்தினாள். போனது. நேராக இல்லை. திருகிக்கொண்டே, வெள்ளைப் புகையைச் சுருள் சுருளாக விட்டபடி, மேலே ஏற ஏற ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. உச்சியில் டப் என்ற சத்தம். மூக்கு கழன்றது. ஆரஞ்சுப் பாராசூட் விரிந்தது. படித்துறையில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கோகிலவாணி அண்ணாந்த தலையை இறக்கவேயில்லை. கையை நெஞ்சில் வைத்திருந்தாள். நான் பாதி நேரம் ராக்கெட்டைப் பார்க்கவில்லை.

காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் நடு ஆற்றில் இறக்கியது. பூவும் முளைப்பாரியும் போகிற தண்ணீரில் மஞ்சள் பென்சிலும் போனது. அத்தை கும்பிட்டுக்கொண்டார்.

கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவள் பேசினாள்.

"ஏனுங்க, ஆத்துப் பக்கம் ஏன் சாஞ்சுது? ரெக்கை கோணையா ஒட்டிட்டனா?"

"மூணாவது."

"பாத்தீங்களா?"

"நேத்தே பாத்தேன். பசை காயறதுக்கு முன்னாடியே."

"சந்தனத்துக்கு வாயத் தொறந்தீங்க. இதுக்கு ஏன் தொறக்கல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா இப்ப அது கையில இருந்திருக்குமே."

கோபமாகத்தான் கேட்டாள். சொல்லாததற்கும் அவளுக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"சந்தனம் நான் பண்ணுன தப்பு. அதச் சொல்லலாம். ரெக்கை நீ ஒட்டுனது."

அவள் கம்பியைப் பிடுங்கி மணலைத் தட்டினாள். ஒயரைச் சுற்றினாள், ஒரு சுற்று பெரிதாகவும் ஒரு சுற்று சிறிதாகவும். எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டு, அத்தையைக் கைப்பிடித்துக் கரையேற்றினாள். பாதித் தூரம் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"அடுத்தத நம்மூரு அமராவதி மணல்லயே விட்டுக்கலாம். ஆத்துல தண்ணியில்ல, எங்கயும் போகாது. அதுல ஒரு ரெக்கை நீங்க ஒட்டிக்குங்க. ஒண்ணே ஒண்ணு."

எந்த இறக்கை என்று நான் கேட்கவில்லை.